கன்டெய்னர் வரிசையும் ஒரு கம்ப்யூட்டரும்: ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை ஒரு சனிக்கிழமை

"அக்கா, இப்பவே வாங்கிடலாமா, இல்ல வருஷக் கடைசி வரைக்கும் வெயிட் பண்ணலாமா? நீதான் சொல்லணும்."

பொங்கல் முடிந்த அடுத்த வாரம், வெள்ளிக்கிழமை இரவு 11 மணிக்கு சித்தி பையனிடமிருந்து வந்த வாய்ஸ் மெசேஜ் இது. பைக்கா, நிலமா என்று யோசிக்க வேண்டாம். அவன் கேட்டது கம்ப்யூட்டர் பிராசஸரைப் பற்றி.

பத்திரிகை ஆபீஸில், அதுவும் டிஜிட்டல் டெஸ்க்கில் வேலை என்று சொல்லிவிட்டால் போதும். சொந்தக்காரர்களுக்கு நாம்தான் செட்டாப் பாக்ஸ் மெக்கானிக், ஆதார் சேவை மையம், செல்போன் ஆலோசகர் எல்லாம். ஆனால், இவன் கேட்டதை அப்படிச் சிரித்துத் தள்ள முடியவில்லை. சித்தி ஏலச்சீட்டைத் தள்ளி எடுத்த பணம் அதில் இருக்கிறது. "நாளைக்குக் காலையில வர்றேன். காசிமேட்டுல மீன் வாங்கிக்கிட்டே பேசலாம்" என்று பதில் அனுப்பிவிட்டுப் படுத்தேன்.

வட சென்னையில் எனக்குப் பள்ளி விடுமுறைகள் முழுக்க இருக்கின்றன. என்றாலும், அதைப் பற்றி எழுதலாம் என்று அதுவரை தோன்றியதில்லை. ஒரு பிராசஸர் புண்ணியத்தில் அந்த சனிக்கிழமை முழுக்கச் சுற்றினோம்.

அதிகாலை 5 மணி, காசிமேடு

ராயபுரத்தைத் தாண்டும்போதே வாசனை வந்துவிடும். ஐஸ் உடைக்கும் சத்தம், கூடை இழுக்கும் சத்தம், ஏலக் குரல். விசைப்படகிலிருந்து இறங்கும் வஞ்சிரத்தையும் பாறையையும் வாங்க ஹோட்டல்காரர்கள் முதல் வரிசையில் நிற்பார்கள். நம்மைப்போல வீட்டுக்கு வாங்க வருகிறவர்கள் கொஞ்சம் தள்ளி, சில்லறைக்குக் கூறு கட்டி விற்கும் அக்காக்களிடம்.

தம்பி ஒரு கூறு சங்கராவைப் பார்த்து விலை கேட்டான். சொன்ன விலைக்கு முகம் சுளித்தான். "எட்டு மணிக்கு வா, கம்மியா தர்றேன். ஆனா, இந்த மீனு இருக்காது" என்றார் அந்த அக்கா, கத்தியைத் தீட்டிக்கொண்டே. வாங்கிவிட்டோம்.

டீக்கடையில் நின்றபடி விவரம் கேட்டேன். அவனுக்கு 23 வயது. திருவொற்றியூர் மாடி அறையில் 3டி அனிமேஷன் வேலை. இடையிடையே கல்யாண வீடியோ எடிட்டிங். அதுதான் இதுவரை சோறு போட்டது. இப்போது முதல் முறையாக ஒரு பெரிய வேலை வந்திருக்கிறது. இந்தப் பக்கத்துத் தொழிற்சாலை ஒன்றுக்குத் தொழிலாளர் பாதுகாப்புப் பயிற்சிப் படம். கிரேன் கன்டெய்னரைத் தூக்கும்போது எங்கே நிற்கக் கூடாது, டேங்க் கசிந்தால் திரவம் எந்தப் பக்கம் பரவும், எந்த வழியாக ஓட வேண்டும் என்றெல்லாம் அனிமேஷனில் காட்ட வேண்டும். மார்ச் கடைசிக்குள் கொடுக்க வேண்டும்.

அவனிடம் இருப்பது ஓர் ஆபீஸில் கழித்துக்கட்டிய செகண்ட் ஹேண்ட் கம்ப்யூட்டர். இன்டெல் ஐ5, நான்காம் தலைமுறை, நாலே கோர். அதற்கு மேல் ஒரு பழைய கிராபிக்ஸ் கார்டைச் செருகி ஓட்டிக்கொண்டிருக்கிறான். விண்டோஸ் 10-க்கான மைக்ரோசாஃப்ட்டின் வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ம் தேதியோடு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 இந்தப் பழைய பிராசஸரை முறைப்படி ஏற்றுக்கொள்ளாது. "தண்ணி சிமுலேஷன் போட்டா ராத்திரி பூரா ஓடுது அக்கா. காலைல பார்த்தா பாதியில நின்னு கெடக்குது."

கையில் இருக்கும் பணம் 1,60,000 ரூபாய். இதில் 1,20,000 சித்தியின் சீட்டு. மீதி அவன் சேர்த்தது.

"அப்ப வாங்கிட வேண்டியதுதானே? எதுக்கு வெயிட் பண்ணணும்?"

"வருஷக் கடைசில புதுசு வருது அக்கா. இப்ப வாங்கிட்டு அப்ப பார்த்தா வயிறு எரியும்ல."

அந்த வயிற்றெரிச்சல் எனக்கும் தெரியும். போன் வாங்கிய மறுமாதம் அதே போன் விலை குறைந்து விளம்பரத்தில் வந்து நிற்பதைப் பார்த்தவர்கள் எல்லோருக்கும் தெரியும்.

முதல் ஸ்டேஷனின் வாசலில்

காசிமேட்டிலிருந்து திரும்பும் வழியில் ராயபுரம் ரயில் நிலையத்தில் வண்டியை நிறுத்தினோம். 1856-ல் தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் இங்கிருந்துதான் வாலாஜா ரோடுக்குக் கிளம்பியது. தூண்கள் வரிசையாக நிற்கும் அழகான கட்டடம். இப்போது இதை வேடிக்கை பார்க்கக்கூட யாரும் நிற்பதில்லை. 1873-ல் சென்ட்ரல் வந்தபிறகு கூட்டம் மெல்ல மெல்ல அங்கே போய்விட்டது. லோக்கல் ரயில்களும் சரக்கு வண்டிகளும் இன்னமும் இந்த வழியாகத்தான் ஓடுகின்றன.

அங்கே ஒரு கல் பெஞ்சில் உட்கார்ந்து, அவன் போனில் சேர்த்துவைத்திருந்த ஸ்கிரீன்ஷாட்களைப் பார்த்தேன். 140-க்கும் மேல் இருந்தன. ஆறு மாதமாக இதையேதான் பார்த்துக்கொண்டிருக்கிறான். எனக்குப் புரிந்த வரையில் நிலவரம் இதுதான்.

டெஸ்க்டாப் பிராசஸரில் இரண்டு கம்பெனிகள். ஏஎம்டியின் அப்போதைய வரிசை ரைசன் 9000. இது 2024 ஆகஸ்ட்டில் வந்தது. அதன் மேல்தட்டு ரைசன் 9 9950எக்ஸ், 16 கோர். வந்தபோது அமெரிக்க விலை 649 டாலர். இன்டெல்லின் அப்போதைய வரிசை கோர் அல்ட்ரா 200எஸ், 2024 அக்டோபரில் வந்தது. அதில் பெரியது கோர் அல்ட்ரா 9 285கே, 24 கோர், 589 டாலர். இன்டெல் தன் அடுத்த தலைமுறையான நோவா லேக்கை 2026 கடைசியில் கொண்டுவருவதாகச் சொல்லியிருந்தது. 52 கோர் வரை வரும் என்று கசிந்த தகவல்கள் ஓடின. தம்பியின் ஸ்கிரீன்ஷாட்களில் பாதி இந்த 52-ஐப் பற்றியதுதான். ஏஎம்டி பக்கம் ஜென் 6 என்ற அடுத்த வடிவமைப்பு தயாராகிக்கொண்டிருந்தது. டெஸ்க்டாப்புக்கு எந்த நாள் என்று அப்போது குறிக்கவில்லை.

2026 ஜனவரித் தொடக்கத்தில் அமெரிக்காவின் லாஸ் வேகாஸில் நடந்த சிஇஎஸ் கண்காட்சியில் ஏஎம்டி அறிவித்த 9850எக்ஸ்3டி அந்த மாதக் கடைசியில் கடைக்கு வருவதாக இருந்தது. அது எட்டு கோர். விளையாட்டுக்காரர்களை மனதில் வைத்துச் செய்தது. "இது உனக்கில்ல" என்றேன். தலையாட்டினான்.

காத்திருந்தவர்கள் கதை கொஞ்சம் தெரிந்திருந்தால் நல்லது. 2024-ல் இன்டெல்லின் 13, 14-ம் தலைமுறை டெஸ்க்டாப் பிராசஸர்களில் ஒரு கோளாறு வெளியே வந்தது. அதிக வோல்டேஜ் போய், நாளாக நாளாக பிராசஸரே நிலைகுலைந்து கம்ப்யூட்டர் அடிக்கடி நின்றுபோனது. இன்டெல் அதைச் சரிசெய்ய மைக்ரோகோட் அப்டேட் கொடுத்து, வாரன்டியையும் இரண்டு வருடம் நீட்டியது. அவசரப்பட்டு வாங்கியவர்களுக்கு அந்தத் தலைவலி. சரி, அடுத்த தலைமுறை வரட்டும் என்று பொறுமையாக இருந்தவர்களுக்கு அக்டோபரில் கோர் அல்ட்ரா வந்தது. மின்சாரம் குறைவாகத்தான் எடுத்துக்கொண்டது. ஆனால், பல விளையாட்டுகளில் அது பழைய தலைமுறையைவிடப் பின்தங்கியது. எதிர்பார்த்த அளவுக்கு ஓடவில்லை என்று இன்டெல்லே ஒப்புக்கொண்டு அப்டேட் விட்டது.

"அப்ப வாங்குனவனுக்கும் அடி, வெயிட் பண்ணவனுக்கும் அடியா?" என்றான் தம்பி.

அப்படியில்லை. அதே வருடம் ரைசன் 9800எக்ஸ்3டிக்குக் காத்திருந்தவர்கள் சிரித்துக்கொண்டே வாங்கினார்கள். எது எப்படி வரும் என்று முன்கூட்டியே தெரியாது, அவ்வளவுதான். கசிந்த தகவலில் இருக்கும் 52 கோருக்கு இன்றைக்கு ஒரு தண்ணீர்ச் சொட்டைக்கூட சிமுலேட் பண்ணத் தெரியாது.

வரிசையில் சித்தப்பா

சித்தப்பா டிரெய்லர் டிரைவர். துறைமுகத்துக்கு கன்டெய்னர் கொண்டுபோவார், கொண்டுவருவார். நேற்று இரவிலிருந்து எண்ணூர் விரைவுச் சாலையில் லைனில் நிற்கிறார். சித்தி கட்டிக்கொடுத்த இட்லிப் பொட்டலத்தோடு தேடிக்கொண்டு போனோம்.

அந்தச் சாலையைப் பார்க்காதவர்களுக்கு: ஒரு பக்கம் கடல், கரை முழுக்கக் கொட்டிய பாறாங்கல். 19-ம் நூற்றாண்டின் கடைசியில் சென்னைக்குச் செயற்கைத் துறைமுகம் கட்டியபிறகு, தெற்கே மணல் சேர்ந்து சேர்ந்து மெரினா அகலமானது. வடக்கே இந்தப் பக்கம் கடல் கரையை அரித்துத் தின்றது. மெரினாவில் சுண்டல் சாப்பிடும்போது இதை யாரும் நினைத்துப் பார்ப்பதில்லை. நானும்தான். மறுபக்கம் வீடுகளும் குடோன்களும். நடுவே, கண்ணுக்கு எட்டும் தூரம் வரை டிரெய்லர்கள்.

இந்தியாவிலேயே கன்டெய்னருக்கென்று தனி முனையம் முதலில் அமைந்தது சென்னைத் துறைமுகத்தில்தான், 1983-ல். இப்போது இங்கே தனியார் நடத்தும் இரண்டு முனையங்கள் இருக்கின்றன. வடக்கே எண்ணூரில் 2001 முதல் காமராஜர் துறைமுகம், அதற்கும் மேலே காட்டுப்பள்ளி. நடுவில் இருக்கும் ஊர்களுக்குக் கிடைத்தது இந்த வரிசை.

சித்தப்பா கேபினிலிருந்து இறங்கி, வண்டி நிழலில் உட்கார்ந்து இட்லியைப் பிரித்தார். அவருக்கு நடைக்கு இவ்வளவு என்றுதான் கணக்கு. வரிசையில் நிற்கும் நேரத்துக்குக் காசு கிடையாது.

"எவ்ளோ நேரம் சித்தப்பா?"

"அதை யாரு கண்டா? நைட்டு பத்துல இருந்து நிக்கிறேன். கேட் நகர்ந்தா நகரும்." தொட்டுக்க வைத்த மிளகாய்ப்பொடியைத் தேடினார். "இந்தப் பொட்டிக்குக் கட்-ஆஃப் மத்தியானம் ரெண்டு. அதுக்குள்ள உள்ள போயிட்டா இந்தக் கப்பல். இல்லாட்டி அடுத்த கப்பல். அதுக்குன்னு பார்ட்டி ஒரு வாரம் முழிச்சிக்கினு ஒக்காந்திருக்கணும்."

கட்-ஆஃப் என்றால், கப்பலில் ஏற வேண்டிய பெட்டி முனையத்துக்குள் போய்ச்சேர வேண்டிய கடைசி நேரம். அது தாண்டினால் பெட்டி அடுத்த கப்பலுக்குத் தள்ளிப்போகும். அவர் சொன்னதும் தம்பியைப் பார்த்தேன். அவன் ஏதோ கல்லைக் காலால் உருட்டிக்கொண்டிருந்தான். மார்ச் கடைசி. நோவா லேக் வருஷக் கடைசி. நடுவில் ஒன்பது மாதம்.

"உன் கட்-ஆஃப் மார்ச்சுடா" என்றேன்.

"அதுக்கு இப்ப இருக்கறதுலயே எப்படியாச்சும் ஓட்டிட்டு, அப்புறமா பெருசா வாங்கலாம்னு..."

"ஓடாதுன்னு நீதானே சொன்ன?"

சித்தப்பா இடையில் புகுந்தார். "எந்தப் பொட்டி இது? கப்பல்ல வருதா?"

இதைக் கேட்டதும் நானே தேடிப் பார்த்தேன். கேபினட், மானிட்டர் போன்ற கனமான சாமான்கள் பொதுவாகக் கப்பலில், கன்டெய்னரில் வருபவை. பிராசஸர் எடை குறைவு, விலை அதிகம். அதனால் பெரும்பாலும் விமானத்தில் பறந்து வந்துவிடும். உள்ளங்கையில் அடங்கும் பொருள். சுங்க வரி கிடையாது. 1990-களின் கடைசியில் இந்தியா சேர்ந்த தகவல் தொழில்நுட்ப ஒப்பந்தத்தால் வந்த சலுகை அது. ஆனால், 18 சதவிகித ஜிஎஸ்டி உண்டு. டாலர் விலையை ரூபாய்க்கு மாற்றி மட்டும் கணக்குப் போட்டு ஏமாறுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

"அப்ப நம்ம லைன்ல நிக்காது" என்றார் சித்தப்பா. குரலில் கொஞ்சம் ஏமாற்றம்.

பட்டினத்தார் இடத்தில்

திருவொற்றியூரில் சித்தி வீட்டில் மீனைக் கொடுத்துவிட்டு, பட்டினத்தார் கோயிலுக்குப் போனோம். கடலுக்குப் பக்கத்தில் சின்ன இடம். கடல் வாணிபம் செய்து குவித்த செல்வத்தை எல்லாம் விட்டுவிட்டுப் போனவர் சமாதியான இடம், துறைமுகப் பட்டையின் நடுவே இருப்பது எனக்கு எப்போதும் ஆச்சர்யம்தான். கையில் பேய்க்கரும்போடு ஊர் ஊராகப் போனார், அது எங்கே இனிக்கிறதோ அங்கே முக்தி என்று சொல்லப்பட்டிருந்தது, திருவொற்றியூரில் இனித்தது என்பது கதை. கரும்பு இனிக்கும்வரை காத்திருந்தவர்.

அன்றைக்கு எதைப் பார்த்தாலும் எனக்குக் காத்திருப்பதாகவே தெரிந்தது. எழுதுகிறவர்களுக்கு வரும் வியாதி இது. பட்டினத்தாருக்கும் பிராசஸருக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

அங்கிருந்து எண்ணூர் நோக்கி. இந்தச் சாலை இந்தியாவின் சக்கரங்கள் பல பிறந்த சாலை. கே.எம்.மாமன் மாப்பிள்ளை 1946-ல் பொம்மை பலூன் செய்யும் கொட்டகையாகத் தொடங்கிய எம்ஆர்எஃப்-பின் டயர் ஆலை திருவொற்றியூரில். 1955-ல் இங்கிலாந்து கம்பெனியோடு கைகோத்து புல்லட் செய்யத் தொடங்கிய என்ஃபீல்டு ஆலையும் இங்கேதான். 1948-ல் தொடங்கி ஆஸ்டின் கார்களைப் பொருத்திய அசோக் மோட்டார்ஸ், பிறகு அசோக் லேலண்டாகி லாரியும் பஸ்ஸும் செய்தது எண்ணூரில். தீப்பெட்டி கம்பெனியின் பெயர் ரயில் நிலையத்துக்கும், 2021-ல் வந்த மெட்ரோவுக்கும் விம்கோ நகர் என்று நிலைத்துவிட்டது.

புல்லட் கதை தம்பிக்குப் பிடித்திருந்தது. இங்கிலாந்தில் அதைச் செய்த தாய்க் கம்பெனி மூடியே போனது. திருவொற்றியூரில் அதே வண்டியைப் பெரிய மாற்றமில்லாமல் பல பத்தாண்டுகள் செய்தார்கள். ராணுவம், போலீஸ், பால்காரர்கள் என்று எல்லோரும் ஓட்டினார்கள். அப்புறம் ஒரு காலத்தில் புக் பண்ணிவிட்டு மாதக்கணக்கில் காத்திருந்து எடுத்தார்கள். "அது வேற வெயிட்டிங்டா. அங்க என்ன வண்டி வரப்போகுதுன்னு தெரியும்" என்றேன்.

எண்ணூர் முகத்துவாரத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது வெயில் உச்சியில். கொசஸ்தலை ஆறு கடலில் சேரும் இடம். சின்னச் சின்னப் படகுகள், இறால் பிடிப்பவர்கள், தூரத்தில் அனல்மின் நிலையப் புகைபோக்கிகள். பழைய எண்ணூர் அனல்மின் நிலையத்தை 2017-ல் மூடிவிட்டார்கள். வட சென்னை அனல்மின் நிலையத்தின் மூன்றாம் கட்டமாக 800 மெகாவாட் அலகு 2024-ல் தொடங்கப்பட்டது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் கலந்து இந்த முகத்துவாரம் முழுக்கக் கறுப்பாகப் படர்ந்தது. அதே மாதக் கடைசியில் பெரியகுப்பம் பக்கம் நள்ளிரவில் அமோனியா கசிந்து, மக்கள் கண் எரிச்சலோடு வீட்டை விட்டு ஓடினார்கள்.

"அந்த ராத்திரி எந்தப் பக்கம் ஓடணும்னு யாருக்கும் தெரியல அக்கா" என்றான் தம்பி. "காத்து எந்தப் பக்கம் அடிக்குதோ அதுக்குக் குறுக்கால ஓடணுமாம். இந்த வேலைக்காகப் படிக்கும்போதுதான் எனக்கே தெரிஞ்சுது. படத்துல அதைக் காட்டப்போறேன்."

அதுவரை அவன் பேசியதெல்லாம் கோர், கிளாக் ஸ்பீடு, பெஞ்ச்மார்க். முதல் முறையாகப் படத்தைப் பற்றிப் பேசினான். எனக்கு முடிவு அங்கேயே வந்துவிட்டது. ஆனால், பணம் சித்தியுடையது.

சித்தி சொன்ன சீட்டுக் கணக்கு

மதியம் சங்கராக் குழம்பு. சாப்பிட்டுவிட்டு சித்தியிடம் கேட்டேன், எவ்வளவு தள்ளி எடுத்தீங்க என்று.

ஏலச்சீட்டு தெரியாதவர்கள் குறைவு. மாதாமாதம் எல்லோரும் கட்டுவார்கள். பணம் உடனே வேண்டும் என்பவர் தள்ளுபடி கேட்டு எடுப்பார். தள்ளிய தொகை மற்றவர்களுக்குப் பிரியும். கடைசி மாதம்வரை காத்திருப்பவருக்கு முழுத்தொகை. அவசரக்காரர் கொடுக்கும் காசில் பொறுமைக்காரர் லாபம் பார்க்கும் ஏற்பாடு.

சித்தி 1,50,000 சீட்டில் 30,000 தள்ளி எடுத்திருந்தார்.

"முப்பதாயிரம் போச்சேன்னு இருக்கா சித்தி?"

"இருக்காதா? ஆனா, எடுத்துட்டு பீரோல வச்சிருந்தா அதைவிடப் போச்சு" என்றார் சித்தி, தட்டை எடுத்துக்கொண்டே. "வேணும்னுதானே தள்ளுனேன். வேணாம்னா கடைசி சீட்டு எடுத்திருப்பேன்ல."

தம்பி தலையைக் குனிந்துகொண்டான். பணம் எடுத்து ஒன்றரை மாதம் ஆகிறது. அதற்குள் இன்னொன்றும் நடந்துவிட்டது. தீபாவளிக்கு முன்னால் அவன் வாங்கிவைத்த கொட்டேஷனில் இருந்த ராம் விலை ஜனவரியில் இரண்டு மடங்குக்கும் மேல் ஆகியிருந்தது. உலகம் முழுக்க இதே கதைதான். சாம்சங், எஸ்கே ஹைனிக்ஸ், மைக்ரான் மூன்றும் தங்கள் உற்பத்தியை ஏஐ சர்வர்களுக்கான மெமரிக்குத் திருப்பிவிட்டன. நம்மைப்போன்றவர்கள் வாங்கும் டிடிஆர்5 குறைந்துபோனது. மைக்ரான் தன் குரூஷியல் பிராண்டையே மூடுவதாக 2025 டிசம்பரில் அறிவித்தது. ஆக, காத்திருந்தால் பிராசஸர் வேகமாக வரலாம். அதோடு வாங்க வேண்டிய ராம் இதே விலைக்குக் கிடைக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. பிராசஸரை மட்டும் பார்த்துக் காத்திருப்பவர்கள் தவறவிடுவது இதைத்தான்.

மாடி அறைக்குப் போனோம். ஏசி கிடையாது. ஜன்னலைத் திறந்தால் உப்புக்காற்று, மூடினால் வேக்காடு. பழைய கேபினட்டின் திருகாணிகள் துருப்பிடித்திருந்தன. ஃபேன் இறக்கைகளில் கறுப்புத் தூசி, விரலில் ஒட்டினால் போகவில்லை. இந்த அறையில் 9950எக்ஸ் வைத்தால் அதன் மின்தேவை கம்பெனி கணக்கிலேயே 170 வாட். 285கே முழு வேகத்தில் 250 வாட் வரை போகும். சித்திரை மாதம் ராத்திரி முழுக்க ரெண்டரிங் ஓடினால், பக்கத்தில் ஒரு ஆள் படுத்துத் தூங்க முடியுமா?

பேப்பரை எடுத்து எழுதினோம். வேலை என்ன? தண்ணீர், வாயு பரவும் சிமுலேஷன். அவன் பயன்படுத்தும் பிளெண்டரில் இது பிராசஸரையும் ராமையும்தான் நம்பியிருக்கிறது. கடைசிப் படத்தை ரெண்டர் செய்ய கிராபிக்ஸ் கார்டு பார்த்துக்கொள்ளும். அது ஏற்கெனவே இருக்கிறது. அப்படியென்றால் ராமில் குறைக்கக் கூடாது, 64 ஜிபி வேண்டும். பிராசஸரில் ஒரு படி இறங்கலாம். 12 கோர் ரைசன் 9 9900எக்ஸ், 120 வாட். நாலு கோரில் தவித்தவனுக்கு அது போதும். நல்ல ஏஎம்5 மதர்போர்டு. இந்த சாக்கெட்டுக்கு 2027-ம் அதற்கப்பாலும் ஆதரவு உண்டு என்று ஏஎம்டி சொல்லியிருக்கிறது. ஜென் 6 இதிலேயே உட்காரும் என்பது பரவலான எதிர்பார்ப்பு. வந்தால், பிராசஸரை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். வராவிட்டாலும் இந்தப் படம் முடிந்திருக்கும். இன்டெல் நோவா லேக் என்றால் சாக்கெட்டே புதுசு என்கிறார்கள். அப்போது போர்டும் சேர்த்துத்தான் வாங்க வேண்டும்.

மீதிப் பணத்தில் யூபிஎஸ், தூசி வடிகட்டும் வலை போட்ட கேபினட். இந்த இரண்டும் அவனுடைய 140 ஸ்கிரீன்ஷாட்களில் ஒன்றில்கூட இல்லை. எண்ணூர்க் காற்றைப் பற்றி எந்த யூடியூபருக்குத் தெரியும்?

காத்திருப்பதே தப்பு என்று நான் சொல்லவில்லை. இதே கேள்வியை என் ஆபீஸ் நண்பன் கேட்டால், சும்மா இருடா என்றுதான் சொல்வேன். அவனிடம் மூன்று வருடத்துக்கு முன் வாங்கிய நல்ல கம்ப்யூட்டர் இருக்கிறது. அதில் அவன் விளையாடுகிறான், அவ்வளவுதான். அவன் கடைசிச் சீட்டு எடுக்கலாம்.

திங்கட்கிழமை தம்பி ரிச்சி ஸ்ட்ரீட்டுக்குப் போனான். நான் லஞ்ச் இடைவேளையில் ஓடிப்போய்ச் சேர்ந்துகொண்டேன். நாலு கடையில் விலை கேட்டு, இந்திய வாரன்டி உள்ள பில்லோடுதான் வாங்க வேண்டும் என்று அவனை விரட்டி விரட்டி அலைய வைத்தேன். ஒரு கடைக்காரர், "வெயிட் பண்ணுங்க சார், ராம் இறங்கும்" என்றார். அடுத்த கடைக்காரர், "இன்னிக்கே எடுங்க, நாளைக்கு ஏறும்" என்றார். எங்களிடம் பேப்பர் இருந்ததால் தப்பித்தோம்.

அரசினர் தோட்டத்திலிருந்து மெட்ரோ. கேபினட் பெட்டியைக் காலுக்கு நடுவில் நிறுத்தி, பிராசஸர் டப்பாவை மடியில் வைத்துக்கொண்டான். தண்டையார்பேட்டைக்குப் பிறகு ரயில் சுரங்கத்திலிருந்து மேலே ஏறியது. டோல்கேட் தாண்டியதும் வலது பக்கம் கடல், கப்பல்கள்.

சித்தப்பாவுக்கு வீடியோ கால் போட்டான். அவர் மறுபடி லைனில் இருந்தார். டப்பாவைக் காட்டினான்.

"இத்துனூண்டா?" என்றார் சித்தப்பா. "இதுக்காடா ஆறு மாசம்?"

பிறகு யாரோ பின்னாலிருந்து ஹாரன் அடித்தார்கள். "இருடா, கேட் நகருது" என்று போனை வைத்துவிட்டார்.